முள் தெரியணும், அவ்வளவுதான்

படகு மீட்டரின் கண்ணாடி மங்கிப்போக உப்பு, வெயில், ஈரம் என்று மூன்றே காரணங்கள்தான்; அதைத் தெளிய வைக்கக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் காரணங்களுக்குத்தான் கணக்கே கிடையாது.

என் கடை புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் ரோட்டில் இருக்கிறது. ஒற்றை ஷட்டர். உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பக்கெட் தண்ணீர், பல நயத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், பாலிஷ் டப்பாக்கள், பழைய பனியன் துணி. பாலிடெக்னிக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸாகி, முன்பு மார்த்தாண்டத்தில் ஒரு பைக் ஷோரூமில் ஸ்பீடோமீட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் பைக்கின் மீட்டர் பளிச்சென்று ஆனதைப் பார்த்த ஒரு போட்டு முதலாளி (விசைப்படகை எங்கள் பக்கம் போட்டு என்போம்), மறுநாளே தன் படகின் மீட்டர்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார். எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, ஆயில் பிரஷர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று காட்டுகிற வட்ட மீட்டர்கள். எல்லாக் கண்ணாடிகளும் கஞ்சித்தண்ணி நிறத்தில் இருந்தன. "புதுசு மாதிரி வேண்டாம் பிள்ள. முள்ளு தெரியணும், அவ்வளவுதான்" என்றார். அன்றைக்குக் கடல் பக்கம் திரும்பியவள்தான். இப்போது எனக்கு மீட்டர் அக்கா என்றே பெயர்.

ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் தெரியாமல், வண்டியைக் குலுக்கி, டேங்கில் காது வைத்து சத்தம் கேட்டவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள், சொல்கிறேன்.

நகத்துக்கு உள்ள மருந்து

என்னிடம் வரும் மீட்டர்களில் பாதி, ஏற்கெனவே வீட்டில் வைத்தியம் பார்க்கப்பட்டவை. பற்பசை போட்டுத் தேய்த்தவர்களை நான் மன்னித்துவிடுவேன். அதில் கொஞ்சம் பலன் உண்டு. பாத்திரம் கழுவும் கம்பிச்சுருளால் தேய்த்தவர்களைக்கூட மன்னித்திருக்கிறேன். சேவியர் அண்ணன் கொண்டுவந்த மீட்டரை மட்டும் மன்னிக்க முடியவில்லை. கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்தான். அவருடையது வெள்ளை வெளேரென்று வெந்துபோய், உள்ளே நூல் நூலாக வெடித்திருந்தது. "வெயிலுதான் காரணம்" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூக்குக்கு அருகில் வைத்து மோந்து பார்த்தேன். கல்யாண வீட்டு வாசனை! நகப்பூச்சு அழிக்கும் திரவம். மகளின் அலமாரியிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தத் திரவத்துக்கு இந்தப் பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. இனி எத்தனை தேய்த்தாலும் தெளியாது. பதிலுக்கு அக்ரிலிக் தகட்டில் வட்டம் வெட்டி, ஓரம் சீவி, புது ரப்பர் வளையம் வைத்து மூடிக்கொடுத்தேன். எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார்: "அது எனக்க மவளுக்க நகத்துல உள்ளதயே ஒழுங்கா எடுக்காது. உங்களுக்க மீட்டர்ல இருந்து என்னத்த எடுக்கும்னு நினைச்சிய?"

எஞ்சினுக்குக் காய்ச்சல்

சாகுல் அமீது அண்ணன் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பழைய விசைப்படகின் முதலாளி. அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய ஆயில் பிரஷர் மீட்டரில் உள்பக்கமாக ஈரம் இறங்கி, பழுப்பு நிறத்தில் ஆடை படிந்திருந்தது. முள் ஒரு நிழல் போல நடுவில் எங்கோ நின்றது. "அது எப்பவும் நடுவிலதான் நிக்கும். நல்ல முள்ளு" என்றார் அவர். வளையத்தை நெம்பிக் கழற்றி, கண்ணாடியின் இரண்டு பக்கமும் தெளிய வைத்து, முகப்பில் முள்ளைப் பிடித்திருந்த பிசுக்கைத் துடைத்து, ஈரம் இழுக்கிற ஒரு சின்னப் பொட்டலத்தையும் உள்ளே வைத்து மூடிக்கொடுத்தேன்.

மறுநாள் ஹார்பருக்கு வரச்சொல்லி போன். போட்டு அன்றைக்குத் பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் மீன்பிடிக்குக் கிளம்ப நிற்கிறது, ஐஸ் ஏற்றியாகிவிட்டது. நான் கரையில் நிற்க, மீட்டரைக் கரைப்பக்கம் திருப்பிப் பிடித்து, எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார்கள். முதலில் மேலே போன முள், எஞ்சின் சூடானதும் மெல்ல மெல்ல இறங்கிச் சிவப்புக்கு அருகில் வந்து நின்றது. கண்ணாடி அத்தனை தெளிவாக இருந்ததால் அதை யாரும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தொழிலாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் முள்ளைத் தொட்டுக் கெடுத்துவிட்டேன் என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. பையில் நான் சோதிக்க வைத்திருக்கும் மீட்டரை எடுத்துக்கொடுத்து, அதே குழாயில் மாட்டச் சொன்னேன். அதுவும் அதே இடத்துக்குத்தான் இறங்கியது.

ஏற்றிய ஐஸை அப்படியே விட்டு, சாகுல் அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். எஞ்சினைத் திறந்தால், எண்ணெய் உறிஞ்சுகிற இடத்துச் சல்லடை அழுக்கால் பாதிக்குமேல் அடைத்துக் கிடந்தது; பேரிங் தேய ஆரம்பித்திருந்தது. அப்படியே போயிருந்தால் நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றிருக்கும் என்றார் மெக்கானிக். வேலை முடிந்து போட்டு கிளம்பிய அன்று சாகுல் அண்ணன் கடைக்கு வந்து, எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "கண்ணாடி மங்கி இருந்தது வரைக்கும் எனக்க எஞ்சினுக்கு ஒரு சீக்கும் கெடயாது கேட்டியளா, நீங்க தொடச்ச பொறவுதான் அதுக்கு காய்ச்சல் வந்துது. கரையில வச்சே வந்துதே, அல்ஹம்துலில்லாஹ்!"

பிரசங்கமும் கடிகாரமும்

இது படகு இல்லை. ஆனாலும் என் தொழிலால் வந்த வினை என்பதால் சேர்க்கிறேன். எங்கள் சர்ச்சில் பின்சுவரில், பிரசங்கபீடத்துக்கு நேர் எதிரே ஒரு பெரிய கடிகாரம் உண்டு. பல வருடப் புகையும் பூச்சியும் படிந்து மணி தெரியாமல் இருந்தது. படகு மீட்டருக்கு நான் கொடுக்கிற மரியாதையை ஆண்டவருடைய கடிகாரத்துக்கும் கொடுக்கவேண்டும் என்று போதகரே கேட்டுக்கொண்டார். கழற்றி இறக்கி, இரண்டு மத்தியானம் வேலை செய்து, பளிங்கு மாதிரி ஆக்கிக்கொடுத்தேன். மாட்ட வந்த சபைத் தொண்டர்கள், பின்சுவரில் ஆணி இற்றுப்போயிருக்கிறது என்று, கடிகாரத்தைக் கொண்டுபோய் முன்பக்கம், பிரசங்கபீடத்துக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு போதகர் நல்ல ஆவியில் பேசிக்கொண்டிருந்தார். சபையார் எல்லாரும் தலையை நிமிர்த்தி, கண்ணெடுக்காமல் அவருக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முதலில் மகிழ்ச்சி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தானும் திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பழைய புகைய கொஞ்சம்போல திருப்பிப் போட்டுத்தர முடியுமாம்மா?"

ஏறலாமா?

தொழில் தொடங்கி ரொம்ப நாள்வரை நான் எந்தப் போட்டிலும் கால் வைத்ததில்லை. ஏறாதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. "நீங்க எதுக்கு அக்கா வெயில்ல, நாங்களே கழத்திக் கொண்டு தாறோம்" என்பார்கள். பெண் ஏறினால் மீன்பாடு சரிவராது என்று சிலருக்கு ஒரு நினைப்பு. அது எனக்கும் புரியும்; எனக்குப் புரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஆட்டோவில் ஹார்பரில் போய் இறங்கி, கரையிலேயே ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வருவேன்.

கிளீட்டஸ் அண்ணன் ஆழ்கடல் போட்டு ஒன்றின் ஸ்ராங்கு. எங்கள் பக்கம் போட்டை ஓட்டுகிறவருக்கு அதுதான் பெயர். அவருடைய திசைகாட்டி மங்கி, உள்ளே இருந்த எண்ணெய் தேயிலைத்தண்ணி நிறமாகிவிட்டிருந்தது. பழைய எண்ணெயை வடித்து, கழுவி, புது எண்ணெய் நிறைத்து, மேல் மூடியைத் தெளிய வைத்துக் கொடுத்தேன். என் மேசையில் வடக்கு என்றால் வடக்குதான் காட்டியது. போட்டில் கொண்டுபோய் வைத்ததும் வேறெங்கோ திரும்பி நின்றதாம். எடுத்து வந்தார், மேசையில் மறுபடி சரி. "கடையில நல்ல பிள்ளையா இருக்கு, போட்டுல ஏறினா வாலாட்டுது" என்றார். அது இருக்கிற இடத்தை நான் பார்க்கவேண்டும் என்றேன்.

ஹார்பரில் போட்டுப் பக்கத்தில் போய் நின்றதும் தொழிலாளிகள் கிளீட்டஸ் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டி, "பைய ஏறுங்க அக்கா, பலகை வழுக்கும்" என்றார். ஏறினேன். சுக்கான் இருக்கும் அறையான வீல்ஹவுஸில் திசைகாட்டிக்கு ஒட்டினாற்போல, சட்டைத்துணியால் மூடி, ஒரு பெரிய பாட்டு ஸ்பீக்கர். அதன் காந்தம்தான் முள்ளை இழுத்திருக்கிறது. ஸ்பீக்கரைத் தள்ளிப் பின்னால் வைத்ததும் திசைகாட்டி ஒழுங்காகத் திரும்பி நின்றது. இறங்கும்போது, "நான் ஏறினதுல உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையே அண்ணே?" என்று கேட்டேன். அவர் வீல்ஹவுஸில் மாட்டியிருந்த மாதா படத்தைக் கையால் காட்டினார்: "அவியளும் பொம்பளதான. எல்லா போட்டுலயும் நமக்கு முன்னால ஏறி நிக்குது அவியதான்."

ஒரு குமிழி

அதே திசைகாட்டியில் ஒரு குறை விட்டிருந்தேன். எண்ணெய் நிறைக்கும்போது எங்கோ காற்று நின்று, மூடிக்குள் ஒரு சின்னக் குமிழி மிதந்தது. அதையும் எடுத்துத் தருகிறேன், ஒரு நாள் விட்டுப்போங்கள் என்றேன். கிளீட்டஸ் அண்ணன் கேட்கவில்லை. "ஜிபிஎஸ் இருக்கப்போ இதை ஆரு பாக்கப்போறா? சும்மா ஒரு ஐசுவரியத்துக்கு நிக்கட்டும்" என்று சிரித்துவிட்டு அன்றைக்கே கிளம்பிப்போனார்.

அந்தப் பயணத்தில்தான் அவர்களுக்குச் சோதனை வந்தது. மேற்கே வெகுதூரத்தில் காற்று பிடித்து, ஒரு பெரிய அலை பின்பக்கமாக ஏறி பேட்டரிப் பெட்டியை நிறைத்துவிட்டது. ஜிபிஎஸ் செத்தது, வயர்லெஸ் செத்தது. கைபேசிகள் நனைந்தது போக மிச்சமிருந்தவற்றில் சார்ஜ் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. நல்லவேளை, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நிற்கவில்லை. வானம் முழுக்க மேகம். சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியாது. போட்டிலிருந்து தகவல் நின்றுபோனதும், இங்கே கரையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் பங்குக் கோயிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேதி கேட்டு நானும் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். எங்கள் சபை வேறு. அன்றைக்கு அதை யாரும் நினைக்கவில்லை. என் மனதில் அந்தக் குமிழி மட்டும் மிதந்துகொண்டே இருந்தது.

கிழக்கே பிடித்தால் எங்கேயாவது கரை உண்டு என்று, திசைகாட்டியை மட்டும் பார்த்து ஓட்டி, கேரளத்து விழிஞ்ஞம் பக்கம் கரை கண்டு, எல்லாரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அடுத்த வாரம் கிளீட்டஸ் அண்ணன் திசைகாட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். குமிழியை எடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். கொஞ்சம் துடைத்தால் போதுமாம். "அந்தக் குமிழியத் தொடாதிங்க அக்கா. ஒருத்தன் திசையப் பாப்பான், மத்தவனெல்லாம் பேச்சில்லாம அந்தக் குமிழியப் பாத்துட்டு இருப்பானுவ. தொட்டில்ல கிடக்க பிள்ளையப் பாக்க மாதிரி."

மங்கல் எங்கே?

மரியதாசன் அண்ணாச்சி தலை நரைத்த பிறகும் சொந்த ஃபைபர் வள்ளத்தில் தானே கடலுக்குப் போகிறவர். அவருடைய மீட்டர் சின்ன வேலைதான். முடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்தார். "மோளே, இன்னும் மங்கலாத்தான் இருக்கு." எனக்கு எந்த மங்கலும் தெரியவில்லை. வாடிக்கையாளர் சொன்னால் சரிதான் என்று இன்னும் நயமான பேப்பரில் தேய்த்து, இன்னொரு கை பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் வந்தார். இந்த முறை கொஞ்சம் கோபமாகவே. "நீ பேரெடுத்த ஆளுன்னு சொன்னாங்க."

நான் சுவரைக் காட்டி, "அண்ணாச்சி, அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டேன். "காலண்டரா? அங்ஙன ஏதோ சாமி படம்லா தொங்குது" என்றார். அங்கே படமே இல்லை. பெரிய எழுத்தில் தேதி மட்டும் உள்ள காலண்டர். இந்தக் கண்ணோடு இவர் தினமும் முகத்துவாரத்து அலைக்கு நடுவில், பாறை பார்த்து, வள்ளம் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரிடம் நேராகச் சொன்னால் எழுந்து போய்விடுவார். மீட்டரை ஒரு நாள் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பி, அவர் மகளுக்குப் போன் செய்தேன். மகள் அழுதேவிட்டாள், வீட்டில் படியில் தடுக்கி விழுவதையெல்லாம் வயசு என்றே நினைத்திருந்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது.

ஒரு கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு மீட்டரை வாங்க வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள்ளை, எண்களை, வளையத்தின் ஓரத்தை. அவர் முகத்தில் ஒரு சிறுபிள்ளைச் சிரிப்பு வந்தது. என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் தலையைத் தூக்கி மேசையை, சுவரை, ஒட்டடையை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்க கடை இவ்வளவு அழுக்கா மோளே?"

சிசிலி அக்காவின் கோடு

சிசிலி அக்காவின் கணவர் நோயில் இறந்தபின், போட்டை விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர் விற்கவில்லை. ஸ்ராங்கு வைத்து ஓட்டினார்; மீன் ஏலத்துக்குத் தானே வந்து நின்றார். பழைய எஞ்சின் தேய்ந்துபோனதும் அதை மாற்றி வேறு எஞ்சின் இறக்கினார். மீட்டர் போர்டை மட்டும், புதுசு எதுக்கு, இதையே தெளிய வையுங்கள் என்று என்னிடம் அனுப்பிவைத்தார்.

எஞ்சின் சுற்றுக் காட்டும் பெரிய மீட்டரின் கண்ணாடியில் கீறல்கள் நிறைய. அதில் ஒன்று மட்டும் கீறல் மாதிரி இல்லை. ஆணி முனையால் அழுத்திப் போட்ட ஒரு சின்ன நேர்கோடு. எதற்கு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது: முள் இதற்கு மேலே போகக்கூடாது என்று ஓட்டுகிறவருக்குப் போட்ட அடையாளம். யார் போட்டிருப்பார் என்பதும் தெரியும். வாட்டர் பேப்பரை நனைத்துக் கையில் வைத்திருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் தேய்த்து முடித்தேன். இதை மட்டும் தொடவில்லை. போன் செய்து, வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் அக்கா என்றேன்.

மீன் வாசனையோடு நேராக ஹார்பரிலிருந்து வந்தார். மீட்டரைக் கையில் கொடுத்தேன். பெருவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய்த் தேவையில்லாமல் பக்கெட்டில் தண்ணீர் மாற்றினேன். திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார். அதைச் சுற்றி மட்டும் பாலிஷ் போட்டுத் தரலாம், கோடு அப்படியே இருக்கும் என்று சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தக் கோடு பழைய எஞ்சினுக்கு உள்ளது. புது எஞ்சினுக்கு அது தப்பு, ஸ்ராங்குக்குக் குழப்பம் வரும் என்றார். என் முன்னாலேயே உட்கார்ந்து, கோடு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அது மறைந்து கண்ணாடி தெளிந்ததும் என் மேசையிலிருந்த ஆணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அவருக்க கோடு அவருக்க எஞ்சினுக்கு. எனக்க எஞ்சினை ஓட்டிப் பாத்துட்டு, எனக்க கோட்ட நான் போட்டுக்கிடுதேன்."

சார்ஜாவிலிருந்து ஒரு பங்காளி

கடைசியாக ஒன்று. ரஷீத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர், சார்ஜாவில் ஒரு கம்பெனியில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தன் மச்சான் கபீரோடு சேர்ந்து ஒரு பழைய போட்டில் பங்கு வாங்கியிருந்தார். லீவு தள்ளித் தள்ளிப் போனதால் அந்தப் போட்டை நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கைபேசியில்தான். மங்கிப்போன மீட்டர்களைப் படத்தில் பார்த்து, முதலில் அதைச் சரி பண்ணு என்று மச்சானிடம் சொன்னதும் அவர்தான்.

போர்டை மாட்டிய அன்று கபீர் வீடியோ கால் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம், அடுக்குக் கட்டில் போட்ட ஒரு அறை. ரஷீத் மேல்கட்டிலில் தலை இடிக்க உட்கார்ந்திருந்தார். "அக்கா, கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. எஞ்சின ஓடவிடச் சொல்லுங்க" என்றார். எஞ்சின் உறுமியதும் ஒவ்வொரு மீட்டராகக் காட்டினேன். முள்கள் ஏறி நின்றன. கீழ்க்கட்டிலில் இருந்தவர்களும் எழுந்து வந்து அவர் தோள்மேல் எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "இது உனக்க போட்டா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் கண் திரையைவிட்டு நகரவில்லை.

சரி, வேலை திருப்திதானே, வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வைக்காதிங்க, வைக்காதிங்க" என்றார். அந்தப் பெரிய மீட்டர் பக்கமே திரும்பவும் கொண்டுபோகச் சொன்னார். ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். கைபேசியை அருகில் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார்; கொஞ்சம் சாய்த்து என்றார். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், கூட நிற்பவர்களுக்குக் கேட்கக்கூடாதென்றோ என்னவோ, மெல்லச் சொன்னார்: "அப்படியே பிடிங்க அக்கா. அந்தக் கண்ணாடியில நம்ம கடலு தெரியுது."

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பக்கெட் தண்ணீரையும் பழைய பனியன் துணியையும் வைத்துக்கொண்டு நான் இவ்வளவு மனிதர்களைச் சம்பாதித்திருப்பது, பாலிடெக்னிக்கில் நான் வாங்கிய மார்க்குக்கு ரொம்பவே அதிகம்.